ஓரமாவு

ஜனவரி 11

அன்புள்ள கலாசாலைக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே என் முட்டிவலி உட்பட யாவரும் சௌக்கியம். உன் கண்ணில் புரை முற்றிவிட்டது என்றாயே, டாக்டரைப் பார்த்தாயா? என்றாய் என்றுதான் நினைக்கிறேன். போனில் நீ பேசியது எனக்குக் காதில் விழவில்லை, நான் பேசியது உனக்கு விழவில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் இரண்டும் விழுந்திருக்கிறது. மறுநாள் வாசலில் நிறுத்தி, "உங்க நாத்தனாருக்குக் கண்ணாமே?" என்று விசாரித்தார். ஆகையால் இனி நமக்குத் தபால்தான்.

குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் என்று உன் அண்ணன் உனக்குக் 'கலாசாலை' என்று பெயர் வைத்தார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பெயரைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். பேக்கரியை நான் நடத்துவேன் என்று யாரும் நினைக்கவில்லை, என்னையும் சேர்த்து. நடக்கிறது. ஆனால் இப்போது உன் படிப்பு எனக்கு வேண்டியிருக்கிறது.

போன வாரம் உணவு ஆய்வாளர் வந்தார். நாங்கள் பஃபுக்குப் போடும் வனஸ்பதியில் 'டிரான்ஸ் கொழுப்பு' என்று ஒன்று இருக்கிறதாம். இதயத்துக்கு ஆகாதாம். நூறு கிராம் கொழுப்பில் அது இரண்டு கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. "ஏப்ரல் முடியறதுக்குள்ள மாத்திடுங்கம்மா. மூணு தடவை மாதிரி எடுப்போம். மூணும் தவறினா கதவுக்கு சீல்தான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பஃபும் கட்டிக்கொண்டு போனார்.

மாஸ்டருக்குத்தான் தாங்கவில்லை. "இருபத்தாறு வருஷமா இந்த டின்னுல கைய விட்டுத்தான் மாவு உருட்டுறேன். இது விஷம்னா என் கையும் விஷமா?" என்கிறார். புதுக் கொழுப்பு ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். பஃப் எழும்பவேயில்லை. சப்பையாய், விரலெல்லாம் எண்ணெயாய் வந்தது. வாடிக்கைக்காரர் ஒருவர், "என்னம்மா, பஃப் கேட்டா கைத்துடைக்கிற துணியக் குடுக்குறீங்க?" என்றார்.

நீ பேராசிரியை ஆவதற்கு முன் எட்டு வருடம் எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் இருந்தவள். வழி சொல். இன்னொன்றும் கேட்கிறேன்: இந்த வனஸ்பதி அப்போதிருந்தே கெட்டதுதானா? உங்களுக்கெல்லாம் தெரியுமா?

உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதினால் கோபிப்பாய். எழுதியாகிவிட்டது.

அண்ணி


ஜனவரி 20

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணைப் பார்த்த டாக்டருக்கு என்னிடம் படித்த மாணவர்களின் வயதுகூட இல்லை. "பாட்டி, பயப்படாதீங்க" என்றார். பயந்தது அவர்தான். அறுவை மார்ச்சில். மற்றபடி நலம்.

உங்கள் பிரச்சினை கொழுப்பின் குணத்தில் இருக்கிறது, மாஸ்டரின் கையில் இல்லை. அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பழைய கொழுப்பு எந்த வெயிலிலும் குளிரிலும் களிமண்ணைப் போல வளைந்துகொடுக்கும். புதியது பனையெண்ணெயின் கெட்டிப் பகுதியிலிருந்து எடுத்தது. அது புது மாப்பிள்ளை மாதிரி. இடம் சற்று மாறினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லாரியின் சூட்டில் உருகி மறுபடி உறைந்தால் மணல் மணலாகிவிடும். உருகிய டின்னை வாங்காதீர்கள். வந்ததைக் கிடங்கின் குளிர்ந்த மூலையில் நான்கு நாள் அசையாமல் வையுங்கள். மாவும் கொழுப்பும் கட்டைவிரலுக்கு ஒரே அழுத்தத்தில் குழிய வேண்டும். ஒன்று கடினமாகவும் மற்றது இளகியும் இருந்தால் அடுக்கு கிழியும். ஒவ்வொரு மடிப்புக்குப் பிறகும் மாவுக்கு அரைமணி ஓய்வு கொடுங்கள். குளிர்பெட்டியில் மட்டும் திணிக்க வேண்டாம்.

பனிக்காலம் முடியும்வரை காலுறை அணியுங்கள். முட்டிவலிக்குப் பாதி மருந்து அதுதான்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 9

அன்புள்ள கலாசாலைக்கு,

உன் கடிதத்தை மாஸ்டருக்கு வாசித்துக் காட்டினேன். 'மாஸ்டரின் கையில் இல்லை' என்ற வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு நேரே போய்க் கொழுப்பைக் குளிர்பெட்டியில் வைத்தார். மறுநாள் அது உடைந்த ஓடு மாதிரி மாவைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. "டீச்சரம்மா சொன்னது சரியான்னு பார்த்தேன்" என்றார். இந்த மனிதருக்கு நீ வகுப்பெடுத்திருந்தால் ஒரு வருடம் முன்னதாகவே ஓய்வு பெற்றிருப்பாய்.

அதன்பின் நீ சொன்னபடியே செய்தோம். நான்காம் நாள் அடுப்பைத் திறந்தபோது பஃப் எழும்பி நின்றது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை என்றார். எங்கள் அடுப்பு மின்சார அடுப்பு.

பழைய டின்களையெல்லாம் எண்ணி, மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கி, வியாபாரியிடம் திருப்பி அனுப்பிவிட்டேன். முதல் மாதிரி நேற்று சோதனைக்குப் போயிருக்கிறது.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, அதற்கு மட்டும் வரவில்லை. தபாலில் அந்த வரி மட்டும் நனைந்துவிட்டதா?

முட்டிக்குக் காலுறை போட்டேன். கொஞ்சம் கேட்கிறது.

அண்ணி


பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

பஃப் எழும்பியதில் மகிழ்ச்சி. மாஸ்டருக்கு என் பாராட்டு. பாராட்டியதாக மட்டும் சொல்லுங்கள், விவரம் வேண்டாம்.

அறுவைக்கு முன்பாகச் சர்க்கரை, அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள்தான் சற்று ஏமாந்துபோனார்கள். கண் கூசுவதால் நீளமாக எழுத இயலவில்லை.

முடிவு வந்ததும் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 14

அன்புள்ள கலாசாலைக்கு,

அறுவை நல்லபடியாக முடிந்ததா? கட்டை அவிழ்த்ததும் முதலில் யாரைப் பார்த்தாய்? கண்ணாடியை என்று மட்டும் சொல்லிவிடாதே.

இங்கே முதல் மாதிரி தவறிவிட்டது. இரண்டுக்கு மேல் கூடாது. எங்களுடையது இரண்டு புள்ளி நான்கு. வியாபாரி தந்த தாளில் புதுக் கொழுப்பு ஒன்று புள்ளி ஒன்றுதான். மாஸ்டர் அந்த ஆளைக் கடைவாசலில் நிறுத்தி, "தாளுல ஒண்ணு, டின்னுல ஒண்ணா?" என்று பிடித்துக்கொண்டார். அவர் மூடியே திறக்காத டின் ஒன்றைத் தானே சோதனைக்கு அனுப்பினார். அதில் ஒன்று புள்ளி ஒன்றுதான் வந்தது. அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வருகிறது?

பதினொரு பேர் இங்கே வேலை செய்கிறார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. நான் கிடங்குக்குள் போனால் பேச்சு மட்டும் நின்றுவிடுகிறது. இரண்டாம் மாதிரி போயிருக்கிறது. மூன்றாவது ஏப்ரல் இருபத்தெட்டில்.

அண்ணி


மார்ச் 19

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கட்டை அவிழ்த்ததும் சுவரைப் பார்த்தேன். இத்தனை வருடம் வெள்ளை என்று எண்ணியிருந்தது மஞ்சள். இனி வெள்ளையடிக்க வேண்டும். பார்வை வருவதும் ஒரு செலவுதான்.

கீழ்க்கண்டவற்றுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மாவில் கொழுப்பைத் தவிர வேறு என்ன சேர்கிறது? தட்டில் எதைத் தடவுகிறீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை தட்டுப் பஃப்? எந்த வடிவத்தில் வெட்டுகிறீர்கள்? வெட்டியபின் மிஞ்சும் மாவு எவ்வளவு, எங்கே போகிறது? சிறியது, பெரியது என்று பிரிக்காதீர்கள். பிரிக்கும் வேலையை என்னிடம் விடுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 28

அன்புள்ள கலாசாலைக்கு,

சுவருக்கு வெள்ளையடி, உனக்குச் சாயம் அடிக்காதே. அந்த நரை உனக்கு நன்றாக இருக்கிறது.

இரண்டாம் மாதிரியும் போயிற்று. இரண்டு புள்ளி மூன்று.

நீ கேட்டவை: மாவில் மைதா, உப்பு, தண்ணீர், கொழுப்பு, அவ்வளவுதான். தட்டில் சமையல் எண்ணெய் தடவுகிறோம். நாளைக்குப் பத்துத் தட்டு, எல்லாம் சதுரம். வெட்டியபின் விழும் துண்டுகளை நாங்கள் ஓரமாவு என்போம். ஒரு வாளியில் சேர்த்து, மறுநாள் புது மாவோடு பிசைந்துவிடுவோம். உன் அண்ணன் கடை திறந்த நாளிலிருந்து அந்த வாளி காலியானதில்லை. "நேத்தைய மாவுதான் இன்னைய மாவுக்கு வழி சொல்லும்" என்பார். புது மாவு எட்டுப் பங்கென்றால் அதில் ஒரு பங்கு ஓரமாவு. தினமும் ஏறக்குறைய மூன்று கிலோ விழுகிறது.

உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நான் தைரியமாகத்தான் இருக்கிறேன். மாஸ்டர்தான் இப்போதெல்லாம் என்னிடம் அதட்டாமல் பேசுகிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 4

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கண் நலம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

ஓரமாவில் பழைய கொழுப்பு தங்கியிருந்தது உண்மை. ஆனால் எட்டில் ஒரு பங்குதான் மறுநாளுக்குப் போகிறது. அதிலும் எட்டில் ஒரு பங்குதான் அதற்கடுத்த நாளுக்கு. நான்கைந்து நாளில் அது இருந்த இடம் தெரியாமல் போயிருக்க வேண்டும். இரண்டு மாதமாகப் போகவில்லை. ஆகவே அந்த வாளியில் யாரோ அதை நாள்தோறும் புதிதாகச் சேர்க்கிறார்கள்.

அடுத்தது: பத்துத் தட்டையும் சதுரமாக வெட்டினால் இரண்டு கிலோவுக்கு மேல் ஓரம் விழாது. நீங்கள் மூன்று என்கிறீர்கள். அந்த ஒரு கிலோ எங்கிருந்து வருகிறது? யாரோ தினமும் சிறிய மாவு ஒன்றைத் தனியே தேய்த்து, நடுவில் கொஞ்சம் வெட்டிக்கொண்டு, மீதியை வாளியில் போடுகிறார்கள். வட்டமாக வெட்டினால்தான் அவ்வளவு மிஞ்சும். உங்கள் வீட்டில் வட்டமாக வெட்டியவர் ஒருவர்தான், விற்பதற்கல்ல, வீட்டாருக்கு. அவர் இப்போது இல்லை.

மாஸ்டரைச் சந்தேகிக்காதீர்கள். அவரிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே ஒன்றிரண்டு டின்னை எடுத்து ஒளித்தவர் இருக்கிறார். டின்களை எண்ணியவரே அவர்தான் என்பதால், மற்ற எல்லோருக்கும் முன்பாக அவருக்குக் கணக்குத் தெரியும். ஓரமாவை மட்டும் அவர் யோசிக்கவில்லை. பழக்கம் அப்படி. கை தானாக வாளிக்குப் போயிருக்கும்.

அவரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் இரண்டு முறை கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அண்ணன் வெண்ணெயில்தான் தொடங்கினார். முதல் கோடையிலேயே அது சிக்கு வாடை அடித்தது. அப்போதுதான் நான் ஆலையில் சேர்ந்திருந்தேன். எண்ணெய்க்குள் வாயுவைச் செலுத்தி வெள்ளையாக உறைய வைக்கும் வித்தையைக் கண்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு டின்னை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். "இதுல சிக்கு வாடையே வராது அண்ணா" என்றேன். "கலாசாலை சொன்னா சரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அது கேடு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இது உண்மை; ஆனால் முழு உண்மை அன்று. அண்ணன் இறப்பதற்குப் பதினொரு வருடம் முன்பு, கல்லூரி நூலகத்தில், அது இரத்தக்குழாயை என்ன செய்கிறது என்று ஓர் ஆய்விதழில் படித்தேன். படித்துவிட்டு, இதழை இருந்த இடத்திலேயே வைத்தேன். அடுத்த விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் தட்டில் வைத்ததைத் தின்றேன். நன்றாக இருக்கிறது என்றேன். ஒரு வரி சொல்லியிருக்கலாம். நான் சொன்னது பிழை என்று அவரிடம் ஒப்புக்கொள்ள என் படிப்புக்கு மனம் வரவில்லை. பிறகு ஒவ்வொரு வருடமும், சொல்லாத வருடங்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் சொல்லவேயில்லை.

ஒரு தனி மனிதரின் இதயம் இதனால்தான் நின்றது என்று எந்தச் சோதனையாலும் நிறுவ முடியாது. வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் அந்த வாக்கியம் பயன்படவில்லை. அண்ணன் ஒருவரா தின்றார்? அந்தத் தெருவே தின்றது.

இப்போது நீங்கள் தின்கிறீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். மாதிரி தேறுவது எனக்கு இரண்டாம்பட்சம்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

பதினைந்து நாளாகப் பதில் இல்லை. தபால்காரரிடம் கேட்டேன், "வந்தா குடுக்க மாட்டேனாம்மா?" என்றார். நியாயம்தான்.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். வாளியைக் காலி செய்து வெந்நீரில் கழுவுங்கள். இருபத்தெட்டாம் தேதிக்கு முன் மூன்று நாளாவது ஓரமாவே சேர்க்காமல் பிசையுங்கள். பதில் எழுத மனமில்லாவிட்டால் வெற்றுத் தாளை உறையிலிட்டு அனுப்புங்கள். நலமாக இருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்வேன்.

உங்கள் நாத்தனார்


மே 6

அன்புள்ள கலாசாலைக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபத்துக்கும் ஒன்றுமில்லை, கொஞ்சம் இளைத்திருக்கிறது, அவ்வளவுதான். உன் கண் எப்படி? அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு கிலோ மாவை வைத்து ஒரு கிழவியைக் கையும் களவுமாகப் பிடித்தாயே, புரை எடுத்த கண்ணுக்கு அது போதாதா!

இரண்டு டின். என் துணி அலமாரியில், போர்வைக்குப் பின்னால். நான்கு மணிக்கு எல்லோரும் டீ குடிக்கப் போனதும், அடுக்கு வர வேண்டுமே என்று ஒரு கிலோவுக்கு மேலேயே மாவு தேய்ப்பேன். இரண்டு வட்டம் வெட்டுவேன். ஒன்றைத் தின்பேன். மற்றதையும் நான்தான் தின்பேன், வேறு யார் இருக்கிறார்கள்? கடிக்கும்போது உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கடிக்கிற சத்தம் கேட்கும். பாதிச் செவிடியான எனக்கு மிச்சமாகக் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள். நான் பிஸ்கட் திருடிய பிள்ளை மாதிரி ஒளித்துச் செய்துவிட்டு, மீதியைப் பொறுப்பாக வாளியில் போட்டிருக்கிறேன். இந்தப் புத்தியோடு ஒரு கடையையும் நடத்துகிறேன்.

மாஸ்டரிடம் சொன்னேன். "எங்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு என்னையே பொய்யனாக்கிட்டீங்களேம்மா" என்றார். நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துக் கழுவினார். டின்களையும் அவரே கொண்டுபோய் வியாபாரியிடம் ஒப்படைத்தார்.

இனி உன் விஷயம். நான் இரண்டு முறை கேட்டது தெரிந்துகொள்வதற்கு அல்ல. எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். நீயாகச் சொல்லட்டும் என்றுதான் கேட்டேன்.

முதல் தடவை நெஞ்சுவலி வந்தபோது டாக்டர் உன் அண்ணனிடம் எல்லாம் விளக்கினார். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே சொல்லிவிட்டார்: "இது கலாசாலைக்குத் தெரியவே கூடாது. அவ தூக்கிட்டு வந்த டின்னு. தெரிஞ்சா அவளுக்குச் சோறு எறங்காது." "அப்ப நீங்களாவது தின்கிறத நிறுத்துங்க" என்றேன். "திடீர்னு நிறுத்தினா ஏன்னு கேப்பா. அவளுக்கு மூக்கு நீளம்" என்றார். வெண்ணெய்க்கு மாறிப் பார்த்தார். விலை கட்டவில்லை, ஆட்கள் பதினொரு பேர். அப்படியே விட்டுவிட்டார். நீ ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து அவர் முன்னால் உட்கார்ந்து நன்றாக இருக்கிறது என்றாய். அவரும் உன் முன்னால் உட்கார்ந்து தின்றார். நடுவில் உட்கார்ந்து உங்கள் இரண்டு பேருக்கும் டீ ஊற்றியவள் நான்.

'நீ சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்' என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். எழுத மாட்டேன், ஏனென்றால் அது பொய். நீ சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பார். என் பேச்சைத்தான் கேட்கவில்லை. உன் பேச்சைக் கேட்காத நாள் உண்டா? இது உனக்கு வலிக்கும். எனக்கும் வலிக்கிறது. நானும் ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். அவர் சத்தியம் வாங்கினார் என்று சும்மா இருந்தேன். இந்தக் குடும்பத்தில் ஒருவர் மனசை ஒருவர் காப்பாற்றிய மாதிரி வேறு எதையும் காப்பாற்றவில்லை. தெருவைப் பற்றி எழுதியிருந்தாய். இனிமேல் சரியாகப் போட்டு விற்பேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன்னிடம் பகை எனக்கு இல்லை. இந்த ஒரு மாதமும் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

மூன்றாம் மாதிரியின் முடிவு இன்று காலையில் வந்தது. ஒன்று புள்ளி ஒன்று. ஆய்வாளர் தாளைக் கொடுத்துவிட்டு, "தேறிட்டீங்கம்மா" என்றார். மாஸ்டர், "தேறினது டீச்சரம்மா" என்றார். அவர் வாயிலிருந்து வந்தது அது. தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

நேற்று நான்கு மணிக்குப் புதுக் கொழுப்பில் ஒரு மாவு தேய்த்தேன். இந்த முறை ஒளிக்கவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வட்டம் வெட்டினேன். சத்தம் வேறு. முன்பு சருகை மிதித்த மாதிரி இருக்கும். இது தாளைக் கசக்கிய மாதிரி இருக்கிறது. அவர் அதில் இல்லை. பரவாயில்லை, பஃப் நன்றாகத்தான் இருந்தது.

ஒன்றைத் தின்றேன். மற்றது டப்பாவில் இருக்கிறது. நீ ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் அது நமத்துவிடும். நமக்குள் இவ்வளவு தாமதித்துவிட்டு மொறுமொறுப்பாகக் கேட்டால் கிடைக்குமா? வா. நமத்ததைப் பாதியாக வெட்டித் தருகிறேன்.

அண்ணி